மாதிரிப் பாய்ப்படகுக்கு எந்தப் பலகை?

சென்னையிலிருந்து பொன்னேரி வழியாக வடக்கே சென்றால் பழவேற்காடு ஏரிக்கரையை அடையலாம். டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டில் கோட்டை கட்டிய ஊர் இது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், கூனங்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்று கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலும் கரையோரமாகவும் மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. பிற்பகலில் கடற்காற்று எழுந்தவுடன் குப்பத்துச் சிறுவர்கள் சிலர் தெர்மோகோல் படகுகளுடன் முழங்காலளவு நீரில் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். மூங்கில் குச்சிதான் பாய்மரம். பாலித்தீன் பைதான் பாய். படகின் அடியில், நடுவில், ஒரு தகரத் துண்டைச் செருகியிருப்பார்கள். அந்தத் தகரத் துண்டைப் பற்றியதே இக்கட்டுரை.

அதற்கு முன் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற துணிவில், வானொலி அலைகளால் இயக்கும் மாதிரிப் பாய்ப்படகு ஒன்றை என் மாணவர்களுடன் சேர்ந்து செய்தேன். நீளம் 1 மீட்டர். கரையில் நின்றபடியே சுக்கானைத் திருப்ப ஒரு மோட்டார். பாயின் கயிற்றை இழுக்கவும் தளர்த்தவும் இன்னொரு மோட்டார். அடிப்பலகையை மட்டும் நானே செதுக்கினேன். விமான இறக்கையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைப் பார்த்து, முன்பக்கம் உருண்டு, நடுவில் 11 மி.மீ. தடித்து, பின்னால் கூர்ந்து முடியும்படி அழகாக இழைத்தேன். ஏரியில் விட்டோம். காற்றோடு போகையில் நன்றாகவே ஓடியது. காற்றை எதிர்த்துச் சாய்வாகப் போகத் திருப்பினால், முன்னே போவதைவிடப் பக்கவாட்டில் ஒதுங்குவதே அதிகமாக இருந்தது. தகரத் துண்டு வைத்த தெர்மோகோல் படகோ எங்களைக் கடந்து மேற்காற்றுப் பக்கமாக ஏறிச் சென்றது! கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் படகைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பலகை ரொம்ப குண்டா இருக்கு வாத்தியாரே, தண்ணி ஒட்டாது” என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரியான இயற்பியல் என்பது எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின.

பலகை செய்யும் வேலை

காற்று பாயின் மீது தரும் விசையில் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில்தான் தள்ளுகிறது. முன்னோக்கிக் கிடைப்பது சிறு பகுதியே. இந்தப் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்குவதற்காகவே நீருக்குள் செங்குத்தாக ஒரு பலகை தேவைப்படுகிறது. கோடியக்கரைப் பக்கத்து வத்தை என்னும் தட்டையடிப் படகு, பக்கத்தில் நீருக்குள் இறக்கிய பலகையுடன் பாக் நீரிணையில் பாய் விரித்து ஓடியது இதனால்தான்.

பலகை வெறும் தடுப்புச் சுவர் அன்று. படகு காற்றை எதிர்த்துச் சாய்வாகப் போகும்போது, மூக்கு காட்டும் திசையில் சரியாகப் போவதில்லை. நண்டைப் போலச் சற்றே பக்கம் ஒதுங்கியபடி போகிறது. ஆகவே நீர் பலகையின் மீது நேராக வராமல் மூன்று அல்லது நான்கு பாகை சாய்வாக வந்து மோதுகிறது. விமான இறக்கையின் மீது காற்று சாய்வாக வந்து அதை மேலே தூக்குவதுபோல, நீர் இப்பலகையைக் காற்று வரும் பக்கமாகத் ‘தூக்குகிறது’. பலகை என்பது நட்டமாக நிறுத்திய இறக்கையே. படகு வலப்பக்கக் காற்றிலும் இடப்பக்கக் காற்றிலும் ஓட வேண்டியிருப்பதால், இந்த இறக்கைக்கு இருபுறமும் ஒரே வடிவம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேறுபாடு.

அப்படியானால் விமான இறக்கையின் வடிவத்தைச் சுருக்கி வைத்தால் போதுமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சுருக்கினால் என்ன ஆகிறது?

1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய் நீரில் சாயம் விட்டுச் செய்த சோதனையை மேல்நிலை வகுப்பில் படித்திருப்பீர்கள். ஓட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பது வேகம் மட்டுமன்று. அளவும் பாய்மத்தின் பாகுநிலையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. வேகத்தைப் பொருளின் நீளத்தால் பெருக்கி, வரும் தொகையை இயக்கப் பாகுநிலையால் வகுத்தால் ரெனால்ட்ஸ் எண் கிடைக்கும். இயக்கப் பாகுநிலை என்பது பாகுநிலையை அடர்த்தியால் வகுத்துக் கிடைப்பது. நம் ஊர் வெப்பத்தில் உப்பு நீருக்கு இது பத்து லட்சத்தில் 0.85 பங்கு சதுர மீட்டர்/வினாடி. காற்றுக்கு ஒரு லட்சத்தில் 1.6 பங்கு. ஆம், இந்தக் கணக்கில் நீரைவிடக் காற்றே ஏறத்தாழ 19 மடங்கு பாகு மிகுந்தது. வேடிக்கையாக இல்லையா?

இனிக் கணக்கிடுவோம். என் பலகையின் அகலம், அதாவது முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை, 7.5 செ.மீ. இளங்காற்றில் படகின் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். ரெனால்ட்ஸ் எண் 44,000. 40 செ.மீ. அகலப் பலகை கொண்ட உண்மையான படகு வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடினால் 7 லட்சம். பயணிகள் விமானத்தின் இறக்கைக்கோ இது கோடிகளில் இருக்கும். 25 செ.மீ. அகலமுள்ள என் மாதிரிப் பாயின் மீது வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் காற்று பட்டால்? 47,000. பாயும் பலகையும் வெவ்வேறு பாய்மங்களில் இருந்தும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. ஏரியின் மீது பறக்கும் ஆலாவின் இறக்கையையும் கணக்கிட்டுப் பாருங்கள்: அகலம் சுமார் 10 செ.மீ., வேகம் சுமார் 8 மீட்டர். விடை 50,000! அதன் இறக்கையின் வெளிப்பகுதி சிறகுகளாலான மெல்லிய வளைந்த தகடு. பாயும் மெல்லிய வளைந்த தகடுதான். இது தற்செயல் அன்று.

“குழாயில் 2,000-க்கு மேல் போனாலே வரிச்சீர் ஓட்டம் கலையத் தொடங்கும் என்று பாடநூலில் உள்ளதே, 44,000-இல் ஓட்டம் முழுக்கச் சுழற்சி ஓட்டமாக அல்லவா இருக்க வேண்டும்?” என்று ஒரு மாணவி என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. குழாய்க்கான எண்ணைப் பலகைக்குப் பொருத்தக் கூடாது. குழாயில் நாம் அளப்பது விட்டத்தை; பலகையில் அளப்பது ஓட்டம் கடந்துவந்த நீளத்தை. வழவழப்பான தட்டைப் பலகையில் முன் விளிம்பிலிருந்து கணக்கிட்ட எண் ஏறத்தாழ 5 லட்சத்தை எட்டும் வரை ஓட்டம் வரிச்சீராகவே இருக்க முடியும். ஆகவே நம் மாதிரிப் பலகை முழுவதும் வரிச்சீர் ஓட்டத்தின் ஆட்சியில் இருக்கிறது. சிக்கலே அங்குதான்.

களைத்துப்போகும் படலம்

பலகையை ஒட்டினாற்போல் உள்ள நீர் நகர்வதில்லை. அதிலிருந்து சற்று விலகினால் முழு வேகம். இடையிலுள்ள மெல்லிய பகுதியே எல்லைப் படலம். 1904-இல் இக்கருத்தை முன்வைத்தவர் லுட்விக் பிராண்டல். பலகையின் முன்பாதியில் நீர் விரைவு பெறுகிறது, அழுத்தம் குறைகிறது. மிகத் தடித்த இடத்தைத் தாண்டியபின் வேகம் குறைந்து அழுத்தம் கூடுகிறது. அதாவது பின்பாதியில் எல்லைப் படலம் மேட்டில் ஏற வேண்டியிருக்கிறது. சுழற்சி ஓட்டமாக இருந்தால் வெளியிலுள்ள வேகமான நீர் உள்ளே கலந்து, களைத்த அடிநீருக்கு ஊக்கம் தந்துகொண்டே இருக்கும். வரிச்சீர் ஓட்டத்தில் அடுக்குகள் கலப்பதில்லை. உதவிக்கு ஆள் இல்லை. பாதி மேட்டிலேயே அடிநீர் நின்று, எதிர்த்திசையில் திரும்பி, ஓட்டம் பலகையை விட்டுப் பிரிந்துவிடுகிறது. பலகை எவ்வளவு தடிமனோ அவ்வளவு செங்குத்து அந்த மேடு.

கிரிக்கெட் பந்து வீசுபவர்கள் இதை விரலால் அறிந்தவர்கள். புதுப்பந்தின் தையலைச் சாய்த்துப் பிடித்து வீசினால், தையல் உள்ள பக்கத்தில் எல்லைப் படலம் சுழற்சி ஓட்டமாக மாறி அதிக நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். வழவழப்பான மறுபக்கத்தில் முன்னதாகவே பிரிந்துவிடும். பந்து வளைகிறது.

என் 11 மி.மீ. பலகைக்கு நேர்ந்ததும் இதுவே. அதன் தடிமன் அகலத்தில் 15 விழுக்காடு. 44,000 என்ற எண்ணில் இருபுறமும் பின்பாதியில் நீர் பிரிந்து, வால்போல ஒரு கலங்கல் நீரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இன்னொரு கேடும் உண்டு. தடித்த இருபுறச் சமவடிவங்கள் இத்தகைய குறைந்த எண்களில், ஓரிரு பாகைச் சாய்வுக்கு ஏறக்குறைய விசையே தருவதில்லை. பிரிந்த நீர் பின் விளிம்பின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. தளர்ந்த சைக்கிள் கைப்பிடியைத் திருப்பும்போது முதலில் கொஞ்சம் சும்மா ஆடுமே, அதுபோல. படகு அந்தச் ‘சும்மா ஆட்டத்தைத்’ தாண்டுமளவு பக்கம் ஒதுங்கிய பிறகே பலகை பிடிப்புக் கொள்கிறது. ‘தண்ணி ஒட்டாது’ என்றார் பெரியவர். பாடநூல் இதை ஓட்டப் பிரிவு என்கிறது.

விமான மாதிரிகளுக்காக இதை முறையாக அளந்தவர் ஜெர்மானியரான எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ். அவருடைய நூல் 1942-இல் வந்தது. தடித்த இறக்கை வடிவம் ஒன்று ரெனால்ட்ஸ் எண் 60,000 அளவுக்குக் கீழே போனதும் திடீரெனச் செயலிழப்பதையும், மெல்லிய வளைந்த தகடு அந்தத் தாழ்ந்த எண்களில் அதை வென்றுவிடுவதையும் அவர் காட்டினார். குப்பத்துச் சிறுவனின் தகரத் துண்டு ஷ்மிட்ஸின் முடிவை நூல் படிக்காமலே கடைப்பிடித்திருக்கிறது.

இங்கே ஒரு சிறு விலகலுக்கு இடம் கொடுங்கள். ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் செலுத்தப்படுகின்றன. அந்த ஏவுதளம் 2002 முதல் சதீஷ் தவான் பெயரைத் தாங்கி நிற்கிறது. இஸ்ரோவின் தலைவர் என்று அவரைப் பலர் அறிவார்கள். அவருடைய சொந்தத் துறை எல்லைப் படலம் என்பது அவ்வளவாகத் தெரியாது. பரப்பின் மீது பாய்மம் தரும் உராய்வை நேரடியாக அளக்கும் கருவியை அமைத்ததே கால்டெக்கில் அவர் செய்த ஆய்வு. 1958-இல் ரொத்தம் நரசிம்மாவுடன் சேர்ந்து, வரிச்சீர் ஓட்டம் சுழற்சி ஓட்டமாக மாறும் இடைப்பகுதியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. மாற்றம் ஒரு கோட்டில் சட்டென நிகழ்வதில்லை. திட்டுத் திட்டாகத் தோன்றி, பரவி, ஒன்றோடொன்று கலக்கிறது. ஓய்வுபெற்றபின் அவர் பறவைகள் பறப்பதைப் பற்றியும் 1988-இல் ஒரு நூல் வெளியிட்டார். கூழைக்கடாவும் பூநாரையும் வந்திறங்கும் ஏரியின் கரையில் நிற்கும் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பது என் எண்ணம்.

எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவின் நாக்கா நிறுவனம் (1958-இல் நாசாவாக மாறியது இதுவே) 1933-இல் 78 இறக்கை வடிவங்களின் அளவுகளை வெளியிட்டது. அவற்றுள் நான்கு இலக்கப் பெயருள்ளவை எளியவை. நாக்கா 0009 என்றால் முதலிரு சுழிகள் ‘வளைவில்லை, இருபுறமும் சமம்’ என்று சொல்கின்றன. 09 என்பது தடிமன் அகலத்தில் 9 விழுக்காடு என்கிறது. நான் செதுக்கியது, பெயர் தெரியாமலே, 0015.

1 மீட்டர் மாதிரிப் படகின் பலகைக்கு 6 அல்லது 7 விழுக்காடு போதும். சுக்கானுக்குச் சற்றுக் கூடுதலாக 8 அல்லது 9 வைக்கலாம். அதைப் பெரிய கோணங்களில் திருப்ப வேண்டியிருப்பதால் முன் விளிம்பு மிகக் கூராக இருந்தால் நீர் உடனே பிரிந்துவிடும். ‘சும்மா ஆட்டத்தைக்’ குறைப்பதற்கென்றே மைக்கேல் செலிக்கும் ஜான் டோனவனும் எஸ்.டி. 8020 என்ற 10 விழுக்காட்டு வடிவத்தை உருவாக்கினார்கள். அவர்கள் காற்றுச் சுரங்கத்தில் செய்த சோதனைகள் 1989-இல் வெளிவந்தன. நூலிழை பிசகாமல் செதுக்கக்கூடிய கை உள்ளவர்கள் அதை முயலலாம். மற்றவர்களுக்கு நாக்கா வடிவமே நலம். அரை மில்லிமீட்டர் பிழையை அது பொறுத்துக்கொள்ளும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதாவது எளிது.

செய்முறை இதுதான். 5 மி.மீ. ஒட்டுப்பலகையில் 7.5 செ.மீ. அகலத் துண்டு எடுங்கள். தடிமன் 6.7 விழுக்காடு ஆகிவிட்டது. முன் விளிம்பிலிருந்து 7.5 மி.மீ. தொலைவில் தடிமன் 3.9 மி.மீ.; 22.5 மி.மீ.-இல் முழு 5, 37.5-இல் 4.4, 52.5-இல் 3, 67.5-இல் 1.2. பழைய எக்ஸ்ரே படத்தில் இந்த வடிவத்தின் பாதியை வெட்டி வைத்துக்கொண்டு, உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க ஒப்பிட்டுப் பாருங்கள். முன் விளிம்பின் வளைவு ஆரம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை மொட்டையாக விடாதீர்கள். பின் விளிம்பைக் கத்திபோல் கூராக்க முயன்றால் உடையும், 1 மி.மீ. அளவில் சதுரமாக நறுக்கிவிடலாம், ஆனால் உருட்டக் கூடாது. ஏற்கெனவே தடித்த பலகை செய்து வைத்திருப்பவர்கள், அதன் இருபுறமும் முன் விளிம்பிலிருந்து கால்பங்கு தொலைவில் ஒரு தையல் நூலை நெடுக ஒட்டிப் பார்க்கலாம். கிரிக்கெட் பந்தின் தையல் செய்யும் வேலையை அது செய்யக்கூடும். என் 0015 பலகை நூல் ஒட்டியபின் பிழைத்துக்கொண்டது என்று சொல்லலாம். வென்றது என்று சொல்ல முடியாது.

பழவேற்காட்டின் ஆழம்

இதுவரை சொன்னது எந்த ஏரிக்கும் பொருந்தும். பழவேற்காட்டுக்கு வந்தால் இன்னொரு கணக்கு குறுக்கிடுகிறது. இந்த ஏரியின் சராசரி ஆழமே ஏறத்தாழ 1 மீட்டர்தான். ஓரங்களில் முழங்கால்கூட நனையாது. படகுகளைக் கழியூன்றித் தள்ளிப் போவது அதனால்தான். உலகெங்கும் பந்தயம் விடப்படும் 1 மீட்டர் வகுப்பு மாதிரிப் படகுகளோ (1988-இல் தொடங்கிய வகுப்பு) 42 செ.மீ. ஆழம் வரை நீரில் இறங்கலாம். குறைந்தது 4 கிலோ எடையுள்ள அப்படகில் பலகையும் அதன் நுனியில் தொங்கும் ஈயக் குண்டுமே 2.2 முதல் 2.5 கிலோ. அதை இங்கே விட்டால் சேற்றில் நட்டுவைத்த கம்பம்போல நின்றுவிடும்.

ஆகவே ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்ட வேண்டும். 38 செ.மீ. ஆழமும் 7.5 செ.மீ. அகலமும் உள்ள பலகையின் பரப்பு 285 சதுர செ.மீ.; 20 செ.மீ. ஆழமும் 14 செ.மீ. அகலமும் வைத்தால் 280. பரப்பு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. குட்டையான இறக்கையின் நுனியைச் சுற்றி நீர் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்கு நழுவிவிடுகிறது. அதே பக்கவிசையைப் பெறப் படகு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம் ஒதுங்க வேண்டும். நுனிச் சுழலால் ஏற்படும் பின்னிழுப்பு அதைவிட அதிக மடங்கு கூடும். ஈயக் குண்டும் மேலே வந்துவிடுவதால் படகு காற்றில் எளிதில் சாயும். பாயைச் சிறிதாக்க வேண்டிவரும். இவ்வளவு இழப்புக்கும் ஈடாக ஒரு வரவு உண்டு. அகலம் கூடியதால் ரெனால்ட்ஸ் எண் 82,000 ஆகிவிட்டது. ஷ்மிட்ஸின் 60,000 என்ற எல்லையைத் தாண்டிவிட்டோம்! 7.5 செ.மீ. பலகையில் கெட்டுப்போன 9 விழுக்காட்டு வடிவம் 14 செ.மீ. பலகையில் நன்றாகவே வேலை செய்யலாம். குட்டையான பலகை பெரிய கோணத்தில் ஓட வேண்டியிருப்பதால், சற்று உருண்ட முன் விளிம்பு இங்கே தேவையும்கூட. ஆகவே ‘மெல்லியதே நல்லது’ என்று மனப்பாடம் செய்துகொள்ளாதீர்கள். முதலில் எண்ணைக் கணக்கிடுங்கள், வடிவம் பிறகு.

இன்னொன்று, பாசி. செங்குத்தான முன் விளிம்பில் அது சிக்கினால் நாம் தேய்த்த அரை மில்லிமீட்டர் வளைவுக்கு எந்தப் பொருளும் இல்லை. விளிம்பைப் பின்னோக்கி 30 பாகையாவது சாய்த்தால் பாசி வழுக்கிக் கீழே போக வாய்ப்புண்டு.

இரண்டு பலகைகளில் எது மேல் என்று அறியக் காற்றுச் சுரங்கம் வேண்டியதில்லை. 60 செ.மீ. மூங்கில் குச்சி ஒன்றின் இரு முனைகளிலும் ஒரே பரப்புள்ள இரு பலகைகளை நட்டமாகப் பொருத்துங்கள். இரண்டும் 4 பாகை, ஒன்றுக்கொன்று எதிராக வெளிநோக்கித் திரும்பியிருக்கட்டும். குச்சி மிதக்கத் தெர்மோகோல் கட்டுங்கள். அதன் இரு முனைகளிலும் சம நீளக் கயிறு கட்டி, படகின் பக்கவாட்டில் நீட்டிய இன்னொரு மூங்கிலில் அதே இடைவெளியில் முடிந்துவிடுங்கள். கழியூன்றிப் போகும் படகு வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போனாலே போதும். இரு பலகைகளும் கயிறு இழுக்கும் போட்டி நடத்தும். அதிகப் பக்கவிசை தருவது குச்சியைத் தன் பக்கம் இழுத்துச் செல்லும். கோணத்தை 2 பாகையாகக் குறைத்து மீண்டும் இழுங்கள். தடித்த பலகை அப்போது என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். நாங்கள் இதைச் செய்தபோது கழி ஊன்றியவர் அந்தப் பெரியவர்தான். என் 0015 பலகை தோற்றதும், அதைக் கழற்றித் தன் வலைப்பையில் போட்டுக்கொண்டார். மீன் நறுக்கும் பலகைக்கு முட்டுக் கொடுக்க உதவுமாம்.